காயலான் கடைக்குப் போகவிருக்கும் மிக்-21: இறக்குவது, பிரிப்பது, மறுபடி நிறுத்துவது

#1 – கடலோரக் கழுகு

வணக்கம். கடலிலிருந்து சுமார் 3 கி.மீ. உள்ளே இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் மிக்-21 ஒன்று கம்பத்தின்மேல் பல வருடங்களாக நிற்கிறது. அடிவயிற்றுத் தகடு கிழிந்து தொங்குகிறது. கம்பத்தின் அடியில் துரு. யார் தலையிலாவது விழுந்துவிடும் என்று பயந்து நிர்வாகம் அதைப் பழைய இரும்பாகப் போட முடிவெடுத்துவிட்டது. வேறொரு நிறுவனம் தன் வளாகத்தில் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது, தூரம் 140 கி.மீ. இறக்க வந்த ஒப்பந்தக்காரர் "இறக்கையை கேஸ் கட்டரில் அறுத்து எடுத்துக்கொண்டு போய் அங்கே வெல்டு வைத்துக்கொள்ளலாம்" என்கிறார்.

இறக்குவதிலிருந்து மறுபடி நிறுத்துவது வரை எந்த வரிசையில் செய்ய வேண்டும்? என்னென்ன சாமான் வேண்டும்? எதில் தவறு வரும்? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

#2 – ரிவெட்

முதல் வேலை: அறுப்பதை நிறுத்துங்கள். அது டி16, வி95 வகை அலுமினியக் கலவை. தகடு டி16, பாரம் தாங்கும் உத்திரங்களில் வி95. இவற்றைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்ட முடியாது. ஒட்டியதுபோலத் தெரிந்தாலும் ஓரத்தில் விரிசல் விட்டுவிடும். மிக்-21 இறக்கை போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றித்தான் எடுக்க வேண்டும். கழற்றுவதற்கென்றே வடிவமைத்த விமானம் அது.

எந்த வகை என்று பாருங்கள். விமானி அறையின் கண்ணாடி மூடி முன்பக்கக் கீலில் திறந்தால் எஃப்.எல். வகை. முதுகு ஒல்லியாக இருக்கும், உடலுக்குள் பீரங்கி கிடையாது. மூடி வலது பக்கமாகத் திறந்து, முதுகு தடித்து, வயிற்றடியில் இரட்டைக்குழல் பீரங்கி இருந்தால் எம் அல்லது பிஸ். ஆபத்தில் விமானியை வெளியே வீசும் வெடி இருக்கையும் மாறும். பழைய மூடி உள்ளதில் எஸ்.கே. வகை, பக்கவாட்டு மூடி உள்ளதில் கே.எம்-1.

வகை தெரிந்ததும் ஆபத்தானவற்றைத் தேடுங்கள். "கல்லூரிக்குக் கொடுக்கும்போதே எல்லாவற்றையும் எடுத்திருப்பார்கள்" என்று யார் சொன்னாலும் கண்ணால் பார்க்காமல் நம்பக் கூடாது.

இருக்கைக்குப் பின்னால் உள்ள வெடிக்குழலில் தோட்டா இல்லை என்று உறுதியாக வேண்டும். மூடியை வீசியெறியும் வெடிமருந்து, தீயணைப்பு சிலிண்டரின் பற்றவைப்பான், இறக்கைக்கடி தொட்டியைத் தள்ளிவிடும் தோட்டா ஆகியவையும் அப்படியே. ஒன்றாவது இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் கை வைக்க வேண்டாம். அருகிலுள்ள விமானப்படை நிலையத்துக்கு எழுதி ஆயுதப் பிரிவினரை வரவழைப்பதுதான் வழி.

அடுத்தது அழுத்தம். மிக்-21 சக்கர பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. அதற்கான காற்று உருளைகளும், அவசரத்தில் சக்கரம் இறக்கும் உருளையும், ஆக்சிஜன் உருளைகளும் 100 காற்றழுத்தத்துக்கு மேல் தாங்குபவை. ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தைத் தேக்கும் அக்யுமுலேட்டரில் நைட்ரஜன், சக்கரக் கால்களின் அதிர்ச்சி தாங்கியான ஷாக் ஸ்ட்ரட்டிலும் நைட்ரஜன். வால்வு வழியாக மெதுவாக முழுதும் வெளியேற்றாமல் எந்த நட்டையும் தொடக் கூடாது. சக்கர டிஸ்க் இரண்டு பாதிகளாகப் போல்ட் போட்டுச் சேர்த்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்தப் போல்ட்டைக் கழற்றினால் பாதி டிஸ்க் முகத்துக்கு வரும்.

எரிபொருள்: உடலுக்குள் ரப்பர் பைகள், இறக்கைக்குள் நேரடித் தொட்டி. எத்தனை வருடம் ஆனாலும் மண்ணெண்ணெய் ஆவி மிஞ்சியிருக்கும். கிரைண்டர் பொறி பறக்கும் வேலை எதற்கும் முன்னால் மூடிகளைத் திறந்து இரண்டு நாளாவது காற்றோடவிடுங்கள்.

#3 – நிலைவால்

கிரேன் பற்றி மட்டும் சொல்கிறேன், அதிகம் கோட்டைவிடும் இடம் அது.

உள்ளூரில் "14 டன் ஹைட்ரா இருக்கு சார், 4 டன் எல்லாம் சும்மா தூக்கும்" என்பார்கள். ஹைட்ரா என்பது சிறு நகரும் கிரேன். அந்த 14 டன், தூக்கும் கை (பூம்) வண்டிக்கு மிக அருகே இருக்கும்போது மட்டும். கம்பத்தைச் சுற்றித் தோட்டமும் படிக்கட்டும் இருப்பதால் வண்டி 6 மீட்டர் தள்ளித்தான் நிற்க முடியும். அந்தத் தூரத்தில் அதன் திறன் கால்பங்கோ அதற்கும் குறைவாகவோ இறங்கிவிடும். ஹைட்ரா மேலே தூக்கியபடி நகர்ந்தால் சுமை ஆடும், வேகம் அளக்கும் பிட்டோ குழாய் எதிலாவது இடிக்கும். 40 டன் டெலஸ்கோபிக் கிரேன், நான்கு கால்களும் விரித்து, காலடியில் ஸ்லீப்பர் கட்டை. கிரேனின் தூக்குத்திறன் அட்டவணையில் (லோட் சார்ட்) அந்தத் தூரத்துக்கும் உயரத்துக்கும் உரிய எண்ணைப் படித்துவிட்டு வாடகை பேசுங்கள்.

என்ஜின் இல்லாத கூடு 4 டன்னுக்கு அருகே வரும். என்ஜின் உள்ளே இருந்தால் இன்னும் 1.1 டன் சேரும், எடைமையம் பின்னால் போய்விடும். ஆகவே பின்புறத் துளை வழியாக டார்ச் அடித்து என்ஜின் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் நாள் வேலை. ஏட்டில் உள்ள எடையை நம்பாமல் கொக்கியில் எடை காட்டும் லோட் செல் மாட்டுங்கள். உள்ளே தேங்கிய தண்ணீரும் மண்ணுமே நூற்றுக்கணக்கான கிலோ இருக்கலாம்.

துணி பெல்ட் இரண்டு, தலா 5 டன். ஒன்று மூக்குச் சக்கர அறைக்குப் பின்னால், ஒன்று இறக்கைக்குப் பின்னால். இரண்டும் உள்ளே சட்டம் ஓடும் இடத்தில்தான் பிடிக்க வேண்டும். வெளியே ரிவெட் வரிசை நெருக்கமாக வட்டமாகப் போவதே சட்டத்தின் அடையாளம். இரண்டு சட்டத்துக்கு நடுவே பெல்ட் விழுந்தால் தகடு நசுங்கும். மேலே பெல்ட்டுகளை விலக்கிப் பிடிக்கும் ஸ்பிரெடர் பார் கட்டாயம், இல்லாவிட்டால் பெல்ட் இரண்டும் உள்நோக்கி இழுத்து முதுகை நெரிக்கும். முன் பெல்ட்டில் ஒரு செயின் பிளாக் வைத்தால் மூக்கை ஏற்றி இறக்கிச் சமன்படுத்தலாம்.

கம்பத்திலிருந்து கழற்றும் கடைசிப் போல்ட்டுக்கு முன்பே முழு எடையும் கிரேனுக்கு வந்திருக்க வேண்டும். 10 செ.மீ. தூக்கி ஐந்து நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். ஏதாவது முறியும் சத்தம் வருகிறதா, வயிறு தொங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கயிறு பிடித்த ஆட்கள். காற்று 20 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அன்றைக்கு வேலை இல்லை. அந்த டெல்டா இறக்கை காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

#4 – கடலோரக் கழுகு

நன்றி அண்ணே. மூடி முன்பக்கக் கீல்தான், ஆகவே எஃப்.எல். என்ஜின் இல்லை, குழாய்க்குள் புறாக்கூடு. இறக்கை வேரில் வெள்ளைத் தூள் அப்பியிருக்கிறது, சில இடத்தில் உலோகம் ஏடு ஏடாக விரிந்திருக்கிறது. இறக்கைப் போல்ட்டுகள் அசையவே இல்லை.

#5 – ரிவெட்

போல்ட் அசையாததற்குத் துரு ஒரு காரணம். பாதிக்குப் பாதி இறக்கையின் எடைதான் போல்ட்டை நசுக்கிப் பிடித்திருக்கும். இறக்கைக்கு அடியில் ரப்பர் பாய் விரித்த தாங்குமேடை வைத்து, திருகு ஜாக்கியால் மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எடை சரியாக நீங்கிய கணத்தில் போல்ட் இளகுவது கையிலேயே தெரியும்.

அதற்கு முன் ஊறல். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்த கலவையை ஒரு வாரம், காலையும் மாலையும் ஊற்றுங்கள். அது கண்ணாடி மூடியில் பட்டால் அக்ரிலிக் வெடித்துவிடும், மூடியைத் துணியால் மறைத்துவிட்டு ஊற்றுங்கள். டபிள்யூ.டி.-40 இதற்குப் போதாது. சூடு வேண்டுமென்றால் ஹீட் கன் மட்டும், கேஸ் விளக்கு கூடாது. வி95 போன்ற கலவைகளைத் தொழிற்சாலையிலேயே 120 டிகிரியையொட்டிச் சூடேற்றித்தான் பதப்படுத்துகிறார்கள். அதற்கு மேல் போனால் பலம் இறங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. சுத்தியால் அடிப்பதானால் நட்டைக் கடைசி இரண்டு புரி வரை திரும்பப் போட்டு, பித்தளைக் குச்சியை வைத்து அடியுங்கள். புரி நசுங்கினால் போல்ட்டை இழுக்க வழியே இல்லை. எல்லாம் மெட்ரிக் அளவு, நல்ல ஆறுமுக சாக்கெட் போதும். பன்னிரண்டு முகச் சாக்கெட் தலையை மழுக்கும்.

வரிசை இப்படி: பிட்டோ குழாய், ஆன்டெனா, மூக்குக் கூம்பு. பிறகு பின் உடல். மிக்-21இன் உடல் 28ஆம் சட்டத்தில் இரண்டாகப் பிரியும், என்ஜின் மாற்ற வைத்த ஏற்பாடு. கிடைவால்களுக்குப் போகும் தண்டுகளையும் ஹைட்ராலிக் குழாய்களையும் முதலில் விடுவித்து, பின் உடலைச் சக்கர வண்டியில் தாங்கி, சுற்றிலும் உள்ள போல்ட்டைக் கழற்றி, நேர்கோட்டில் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒருபக்கமாகச் சாய்த்து இழுத்தால் வழிகாட்டி முளை வளையும். நிலைவாலோடு கூடிய பின்பகுதி தனி லாரியில் படுக்கையாகப் போகலாம். முழு உயரத்தில் ஏற்றினால் வழியில் தாழ்ந்த மின்கம்பி எல்லாம் உங்கள் பொறுப்பு.

இறக்கையைக் கடைசியில் கழற்றுங்கள். காரணம் இருக்கிறது. பிரதானச் சக்கரக் கால்கள் இறக்கையில் பொருத்தியவை, சக்கரம் மட்டுமே உடலுக்குள் மடங்கும். இறக்கை போனதும் உடலுக்குக் கால் இல்லை. ஆகவே அதற்கு முன்பே மரத் தொட்டில் தயாராக இருக்க வேண்டும். 100×100 மி.மீ. சட்டங்களில், உடல் வளைவுக்கு அறுத்த மூன்று தாங்கிகள், மேலே 25 மி.மீ. ரப்பர். இறக்கை ஒவ்வொன்றும் வேரிலிருந்து நுனிவரை 3 மீட்டருக்கு அருகே. 'ஏ' வடிவச் சட்டத்தில் முன்விளிம்பு கீழாக நிறுத்தி, துணிப்பட்டையால் கட்டுங்கள். தட்டையாகப் படுக்க வைத்தால் லாரியின் அகலத்துக்கு வெளியே நீட்டும், குலுக்கலில் தகடும் நெளியும்.

கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் தனிப் பையில், எந்தத் துளை, எந்தப் பக்கம் என்று எழுதி. கழற்றுமுன் படம், கழற்றியபின் படம். இதைச் சோம்பல்படாமல் செய்தால் மறுபடி பூட்டுவது நாலு நாள் வேலை. செய்யாவிட்டால் அது ஒருபோதும் முடியாது.

#6 – ஆனோடு

"ஏடு ஏடாக" என்று நீங்கள் எழுதியதுதான் இந்த இழையிலேயே முக்கியமான சொல். உத்திரத்துக்கு அழுத்திப் பிழிந்த வி95 பட்டைகளில் உலோகத்தின் மணிகள் நீளவாக்கில் படுத்திருக்கும். உப்பு ஈரம் விளிம்பில் நுழைந்து மணிகளுக்கு இடையே ஓடும். உள்ளே உருவாகும் வெள்ளைப் பொருளுக்கு இடம் அதிகம் வேண்டும், ஆகவே அது ஏடுகளைப் பிரித்துத் தள்ளுகிறது. மேலே பார்த்தால் பெயின்ட் மட்டும் கொப்புளித்ததுபோல இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள், உள்ளே போனால் அங்கே உலோகம் இல்லை.

எங்கெல்லாம் தேட வேண்டும் என்றால்: எஃகுப் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடம் எல்லாம். இறக்கை இணைப்பில் உள்ள எஃகுக் கட்டைகளைச் சுற்றி. விமானி அறையின் தரைக்கு அடியில், ஏனென்றால் மூடியின் ரப்பர் மக்கியதும் மழை நேராக அங்கேதான் இறங்குகிறது. சக்கர டிஸ்க் மெக்னீசியம் கலவை, அது சாம்பல் நிறத்தில் பொருமி உதிரும். அதைக் கிரைண்டரில் வைக்க வேண்டாம், தூள் பற்றினால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது, உலர்ந்த மணல்தான் வேண்டும். புறா எச்சம் அமிலம். அதற்குக் கீழே தகடு சல்லடையாக இருக்கும். எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது. நன்றாக நனைத்து, முகமூடியோடு அள்ளுங்கள்.

சுத்தம் செய்வதிலும் விமானத்தைக் கெடுக்கலாம். மணல் பிளாஸ்ட் கூடாது, 1 மி.மீ. தகடு வாழைமட்டைபோல் வளைந்துவிடும். சோடா பிளாஸ்ட் செய்தால் இடுக்கில் தங்கும் சோடா ஈரத்தை இழுத்துப் பின்னால் அரிக்கும். எஃகு நார் இரும்புத் துகளைப் பதித்துவிட்டுப் போகும், ஒவ்வொரு துகளும் ஒரு புதிய புள்ளி. நைலான் பேட், தண்ணீர், மென்சோப்பு. அரித்த இடத்தை மட்டும் பளபளப்பு வரும்வரை தேய்த்து எடுங்கள்.

பழைய பிரைமரில் குரோமேட் உண்டு. மஞ்சளோ பச்சை கலந்த மஞ்சளோ தெரிந்தால் அதுதான். புற்றுநோய் தரக்கூடியது, காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. வாட்டர் பேப்பர், பி3 தர முகமூடி, கீழே பிளாஸ்டிக் விரிப்பு, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தனியாகப் பிடித்து வைக்க வேண்டும். பின்புற என்ஜின் அறையில் வெள்ளை நார்ப்பாய் இருந்தால் கல்நார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக் கருவிகளின் முட்கள் பழுப்பேறிய வண்ணம் பூசியிருந்தால் ரேடியம் இருக்கலாம். ஒளிர்வது நின்றிருக்கும், ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கண்ணாடியைத் திறக்காமல், கைகர் கருவி உள்ளவரைக் கூப்பிட்டுச் சோதியுங்கள். இதே இடத்தில் மி-8 ஹெலிகாப்டர் எடுக்க நினைப்பவர்களுக்கும்: அதன் பனி உணரியில் ஸ்ட்ரான்ஷியம்-90 உண்டு, அதை முதலில் கழற்றியிருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

தேய்த்த பிறகு அரிப்பைத் தடுக்கும் அலோடைன் ரசாயனப் பூச்சு, கழுவி உலர்த்தி, அதே வேலை நாளில் எபாக்சி பிரைமர். இரவு முழுக்க வெறும் உலோகத்தைக் கடற்காற்றில் விட்டால் காலையில் மறுபடி முதலிலிருந்து. மேலே பாலியூரித்தேன் இரண்டு பூச்சு. கை நுழையாத உள்ளறைகளுக்கு ஏ.சி.எஃப்-50 போன்ற ஊடுருவும் எண்ணெய், வருடத்துக்கு ஒருமுறை.

பட்டி பூசி மறைப்பதை மட்டும் செய்யாதீர்கள். பட்டிக்குள் ஈரம் சிறைப்பட்டு இரண்டு மழைக்காலத்தில் துண்டாக விழும்.

#7 – தூரத்து இடி

ஒரு மாற்றுக் கருத்து. எஃப்.எல். நாடெங்கும் மேடைகளில் நிற்கிறது. இவ்வளவு அரித்த ஒன்றுக்கு இத்தனை உழைப்பு தேவையா? நல்ல பாகங்களை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டு மீதியை விட்டுவிடலாமே?

#8 – பழம்பறவை

நிறைய இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் எல்லாம் போயின, சார். இரண்டாம் உலகப் போர்க் காலக் குண்டுவீச்சு விமானமான பி-24 லிபரேட்டரைப் பாருங்கள். அமெரிக்காவில் 18,000-க்கும் மேல் கட்டினார்கள். போர் முடிந்ததும், அமெரிக்கா தளவாடம் கொடுத்த கடன்-குத்தகை ஒப்பந்தத்தின்படி பிரிட்டிஷ் விமானப்படை தன்னிடம் இருந்தவற்றை மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி செய்ய வேண்டியிருந்தது. கான்பூர் சகேரியில் குவித்துவைத்து, புல்டோசரை விட்டு இடித்து, என்ஜினில் மணல் கொட்டி, கருவிகளை உடைத்துவிட்டுப் போனார்கள். 1948இல் பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குவியலிலிருந்து ஒன்றின் பாகத்தை எடுத்து மற்றொன்றில் போட்டு, பறக்கும் அளவுக்கு ஒப்பேற்றி, ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழு மராமத்து. 40-க்கும் மேற்பட்டவை இப்படி உயிர் பெற்றன. 1948 நவம்பரில் 5ஆம் ஸ்குவாட்ரன் அவற்றோடு தொடங்கியது. 1968 வரை கடற்காவல் வேலையில் பறந்தன.

அமெரிக்கா தன்னிடமிருந்தவற்றைப் பெரும்பாலும் உருக்கி முடித்திருந்த காலத்தில் உலக அருங்காட்சியகங்கள் லிபரேட்டர் தேடி இந்தியாவுக்கு வந்தன. அரிசோனாவின் பீமா, லண்டனில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம், கனடாவின் ஒட்டாவா, அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை, டெல்லியில் நம் பாலம் அருங்காட்சியகம் என எல்லாவற்றிலும் நிற்பது இந்திய விமானப்படையில் பறந்தவை. காலிங்ஸ் விமானம் 1989இல் மறுபடி வானேறியது. புல்டோசர் இடித்ததிலிருந்து மிஞ்சியது அவ்வளவும்.

மிக்-21 பக்கம் வாருங்கள். எஃப்.எல். 2013 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் கலைகுண்டாவில் ஓய்வு. மேம்படுத்திய வகையான பைசனில் கடைசி 2025 செப்டம்பர் 26 சண்டிகரில் ஓய்வு. இனி ஒரு போல்ட் கூடப் படைக் கிடங்கிலிருந்து புதிதாக வராது. மேடையில் நிற்பதெல்லாம் ஒரே வேகத்தில் அரித்துக்கொண்டிருக்கிறது. இருபது வருடம் கழித்து எண்ணினால் கை விரலுக்குள் அடங்கலாம். இந்தியாவிலேயே கட்டிய போர் விமானமான மாருத்தின் கதை அதுவே. 1961இல் பறந்தது, 147 கட்டினார்கள், 1990இல் ஓய்வு. இன்று மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிவிடலாம், ஒன்று சென்னைப் பெரியார் அறிவியல் மையத்தில்.

#9 – தூரத்து இடி

லிபரேட்டர் விவரம் ஏற்கிறேன். அப்படியானால் பறக்கும் நிலைக்கே கொண்டுவரலாமே? 2011இல் பழைய இரும்பாக வாங்கிய டகோட்டா போக்குவரத்து விமானத்தை இங்கிலாந்தில் சீர்செய்து, பரசுராமா என்று பெயரிட்டு, 2018இல் பறந்தே வந்து விமானப்படையில் சேர்ந்ததே.

#10 – ரிவெட்

டகோட்டாவுக்கு உதிரிபாகமும், கையேடும், அதில் கைதேர்ந்த பட்டறைகளும் இன்றைக்கும் உலகெங்கும் உண்டு. ஏடு பிரிந்த இறக்கை உத்திரம் உள்ள சூப்பர்சானிக் விமானத்துக்கு அது பொருந்தாது. இது நிலைக்காட்சிதான். ஆனால் நிலைக்காட்சி என்பதால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகாது. தகடு மாற்றும்போது பழைய ரிவெட்டை எடுக்கும் முறை: தலையின் நடுவில் பஞ்ச், தண்டின் அதே விட்டத்தில் துரப்பணம், தலையின் ஆழம் மட்டும். பிறகு பின் பஞ்ச்சால் தலையை நெம்பி உடைத்து, பின்னால் ஒரு கட்டை தாங்கி, தண்டைத் தட்டி வெளியேற்றுவது. ஒரேயடியாக அடிவரை துளைத்தால் துளை கோணலாகி அடுத்த அளவு ரிவெட்டுக்குப் போக வேண்டிவரும்.

புது ரிவெட்டின் நீளம்: தகடுகளின் மொத்தத் தடிமனோடு தண்டு விட்டத்தின் ஒன்றரை மடங்கு. அடித்தபின் பின்தலை விட்டத்தின் ஒன்றரை மடங்கு அகலம், அரை மடங்கு உயரம். விளிம்பிலிருந்து இரு மடங்கு தள்ளி. பின்னால் கை போகாத இடத்தில் பாப் ரிவெட் போடலாம், முழுவதும் அலுமினியத்தில். கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் நடுக்கம்பி எஃகு. அது உள்ளேயே தங்கித் துருப்பிடித்து, ஒரே வருடத்தில் ஒவ்வொரு ரிவெட்டிலிருந்தும் செந்நிறக் கோடு ஒழுகும்.

#11 – நிலைவால்

புதிய இடத்திலும் கம்பத்தில் ஏற்றப் போகிறார்களா? ஏற்ற வேண்டாம் என்பேன். கணக்கு இதோ.

சென்னைப் பகுதிக்கு இந்தியத் தர விதி சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அழுத்தம் 0.6 × 50 × 50 = சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். இறக்கைப் பரப்பு 23 ச.மீ. மூக்கு தூக்கிய கோணத்தில் தூக்குவிசைக் கெழு 0.8 என்று வைத்தாலே 27,600 நியூட்டன், அதாவது 2.8 டன் மேல்நோக்கி. கூட்டின் எடையே 4 டன்தான். பக்கக் காற்றில் உடலும் நிலைவாலும் சேர்ந்து சுமார் 20 ச.மீ., கெழு 1.2, விசை 36 கிலோநியூட்டன். 6 மீட்டர் உயரக் கம்பத்தின் அடியில் அது 216 கிலோநியூட்டன்-மீட்டர். அந்த அடியில்தான் இப்போது துரு என்கிறீர்கள். 2016இல் வர்தா புயல் வந்தபோது சென்னையில் என்னென்ன சாய்ந்தன என்று எல்லோருக்கும் நினைவிருக்கும்.

தரையில் நிறுத்தினாலும் சும்மா விடக் கூடாது. பக்கக் காற்று தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில் தள்ளினால் 65 கிலோநியூட்டன்-மீட்டர். விமானத்தின் எடை எதிர்த்து நிற்பது சுமார் 44 மட்டும். ஆகவே ஒவ்வொரு பிரதானக் காலுக்கும் ஒரு கனமீட்டர் கான்கிரீட் கட்டை, 2.4 டன், மூக்குக் காலுக்கு அரை. வளையம் பதித்து, முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளால் கட்டுங்கள். எடையை டயர் தாங்கக் கூடாது. ஜாக்கி முனைகளின் அடியில் எஃகுத் தாங்கி வைத்து, டயர் தரையைத் தொடும் அளவுக்கு மட்டும் விடுங்கள். ஷாக் ஸ்ட்ரட்டை இரண்டு பாதியாகப் பிளந்த எஃகுக் குழாயால் பூட்டிவிடலாம்.

#12 – ஆனோடு

நிலைவால் சொன்னதற்கு இன்னொரு காரணம் சேர்க்கிறேன், என்னைக் கேட்டால் அதுதான் முதற்காரணம். வடிவமைத்தவர்கள் விமானம் சக்கரத்தில் நிற்கும்போது எது தாழ்ந்த இடமோ அங்கே வடிகால் துளை வைத்தார்கள். கம்பத்தில் மூக்கைத் தூக்கிச் சாய்த்து நிறுத்தியதும் தாழ்ந்த இடம் மாறிவிடுகிறது. தண்ணீர் ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் தேங்குகிறது. துளை இருக்கிறது, தண்ணீர் அங்கே வருவதில்லை. நாடெங்கும் மேடை விமானங்களின் வயிறு கிழிவதற்குப் பாதிக் காரணம் இது.

தார்ப்பாய் போட்டு மூடுவதும் வேண்டாம். உள்ளே வியர்க்கும், காற்றில் அடித்து அக்ரிலிக்கைக் கீறும். மேலே கூரை, பக்கம் திறந்த கொட்டகை போதும். வெயிலும் மழையும் நேராகப் படாவிட்டாலே ஆயுள் பலமடங்கு. உப்பு மட்டும் வரும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் குறைந்த அழுத்தத்தில் கழுவுங்கள். காற்றுவாய்க்கும் பின்குழாய்க்கும் பிளைவுட் அடைக்காமல், சட்டத்தில் அடித்த 12 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு வலை. கழற்றி மாட்டும்படி இருக்கட்டும்.

#13 – கடலோரக் கழுகு

கம்பம் வேண்டாம், கொட்டகை என்று புதிய நிறுவனத்திடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தாயிற்று. பெயின்ட் பற்றி ஒரு சந்தேகம். இப்போது மேலே இருப்பது வெறும் வெள்ளிப் பெயின்ட், வால் எண் கற்பனை என்று தெரிகிறது. உண்மையான எண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா? ஆவணம் எதுவும் கல்லூரியில் இல்லை.

#14 – பழம்பறவை

முடியும் தம்பி, தேய்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது அது. மூக்குப் பக்கத்திலும் பின் உடலிலும் எண் எழுதும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு 800, பிறகு 1000 வாட்டர் பேப்பரால் ஈரமாக, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். வெள்ளிக்குக் கீழே சாம்பல், பச்சை, அதற்கும் கீழே உலோகம் என்று வரும். எண்ணின் தொடக்கமான 'சி' (C) எழுத்தின் வளைவு கருப்பில் கிடைத்தால் அங்கிருந்து பக்கவாட்டில் நகருங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அந்தச் சாளரத்தை அப்படியே தெளிவான வார்னிஷ் பூசி விட்டுவிடலாம். வளாகத்துக்கு வருபவர்களுக்கு அது காட்ட வேண்டிய விஷயம்.

உள்ளே சக்கர அறைச் சுவர், மூடிப் பலகைகளின் பின்புறம், இறக்கை வேர் ஆகிய இடங்களில் எண் பொறித்திருக்கும். பல விமானங்களில் வெளிப்பலகைகள் பிற விமானங்களிலிருந்து மாறி வந்தவை, ஆகவே ஒரு பலகையை நம்பாமல் மூன்று இடத்தில் ஒரே எண் வர வேண்டும். எண் தகடு எங்காவது இருந்தால் கழற்றாதீர்கள், சுற்றிலும் டேப் ஒட்டிப் பெயின்ட் அடியுங்கள். ஞாபகார்த்தமாகக் கேட்டு வருபவர்களிடம் கொடுத்துவிட்டால் விமானத்தின் அடையாளமே போச்சு.

#15 – தூரத்து இடி

காகிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காட்சிக்குக் கொடுத்த விமானத்தைக் கல்லூரி தன் விருப்பப்படி விற்க முடியுமா என்று முதலில் ஒதுக்கீட்டுக் கடிதத்தைப் பாருங்கள். காட்சிக்கு மட்டும், கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். கடிதம் காணவில்லை என்றால் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து விமானப்படைத் தலைமையகத்துக்கு எழுதி, இடமாற்றத்துக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். அதுவரை ஏலம் விடக் கூடாது என்று கல்லூரிக்கும் ஒரு கடிதம். பழைய இரும்பு வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டால் பேச்சே வேறு. லாரியில் போகும்போது அந்தக் கடிதத்தின் நகல் ஓட்டுநரிடம் இருக்கட்டும், சோதனைச்சாவடியில் போர் விமானத்தைப் பார்த்து நிறுத்தாமல் விடமாட்டார்கள்.

#16 – கடலோரக் கழுகு

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: வயிற்றில் தண்ணீர் இப்போதும் தேங்கி நிற்கிறது. இறக்குவதற்கு முன்பே வடித்துவிடத் துளை போடலாமா? எந்த அளவு?

#17 – ஆனோடு

போடுங்கள், இறக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே. வெளியிலிருந்து ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டே வந்தால் தண்ணீர் நிற்கும் அறையில் சத்தம் மந்தமாகும். அந்த அறையின் பின்கோடிச் சட்டத்துக்கு 30 மி.மீ. முன்னால், இரண்டு ரிவெட் வரிசைக்கு நடுவில், முதலில் 3 மி.மீ. பரிசோதனைத் துளை. பேட்டரி டிரில் மட்டும், கரன்ட் டிரில் கூடாது, தண்ணீர் தலைமேல் கொட்டும். வருவது தண்ணீரா எரிபொருளா என்று முகர்ந்து பார்த்துவிட்டு 8 மி.மீ. ஆக்குங்கள். அருகிலுள்ள ரிவெட்டிலிருந்து குறைந்தது 16 மி.மீ. விலக்கம். சட்டத்திலோ நீளவாட்டுத் தாங்கியிலோ துளை விழக் கூடாது. விளிம்பின் பிசிறை நீக்கி எபாக்சி பிரைமர் தொட்டு வையுங்கள். வடிந்ததும் அதே துளை வழியாக நல்ல தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசுங்கள், உப்பும் எச்சமும் அடியில் சேறாகப் படிந்திருக்கும். புதிய இடத்தில் சக்கரத்தில் நின்றதும் பழைய வடிகால்களை மெல்லிய கம்பியால் குத்தி அடைப்பெடுங்கள். இந்தப் புதுத் துளைகளைத் திறந்தே விடலாம், அடைக்க வேண்டியதில்லை.